பேக்கப் இருக்கிறது, திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா?

ஜவ்வாது மலையில் கணினியை நம்பித் தொழில் நடத்தும் அனைவருக்கும், குறிப்பாக உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களுக்கும், இ-சேவை மையம், மருந்துக்கடை, தங்கும் விடுதி நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்.



1977 மார்ச் 10 இரவு, உங்கள் மலையின் காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கி ஒரு மங்கலான விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. யுரேனஸ் கோள் அந்த விண்மீனுக்கு முன்னால் கடக்கப் போகிறது என்று கணக்குச் சொன்னது. கோள் அருகே வருவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில வினாடிகள் மங்கி மீண்டது. அதே நேரத்தில் அமெரிக்காவின் கைப்பர் பறக்கும் ஆய்வகமும் அதைப் பதிவு செய்தது. இவற்றை ஒப்பிட்டுத்தான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது. பதிவு தொலைந்திருந்தால் அந்த விண்மீனையும் கோளையும் மறுபடி வரிசையில் நிற்கச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

ஜமுனாமரத்தூரில் ஒரு கொள்முதல் நிலையத்தின் கணினியில் இருப்பதும் இதே வகைச் செய்திதான். எந்த ஊர்க்காரர், எந்தத் தேதியில், எத்தனை மூட்டை சாமை கொண்டுவந்தார், ஈரம் எவ்வளவு கழித்தோம், முன்பணம் எவ்வளவு கொடுத்தோம். மூட்டை ஆலைக்குப் போய், அரிசியாகி, பையில் அடைத்து விற்றும் போயிருக்கும். கணக்கு அழிந்தால் மறுபடி எடை போட மூட்டை இல்லை. அப்புறம் நடப்பது பஞ்சாயத்து. சாமையோ தேனோ புளியோ கொண்டுவந்தவர் ஒரு தொகை சொல்வார், சங்கம் ஒரு தொகை சொல்லும், இரண்டு தரப்பிலும் பொய் இருக்காது, காகிதமும் இருக்காது.

‘பேரிடர் மீட்புத் திட்டம்’ என்றதும் இது சென்னை ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களின் சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றும். அந்தக் கட்டடங்களில் இருப்பவர்களுக்குப் பக்கத்து ஊரில் இன்னொரு கட்டடம் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது ஒரு கணினி, ஒரு யு.பி.எஸ்., அந்தக் கணினியை இயக்கத் தெரிந்த ஒருவர். இழப்பைத் தாங்கும் வலு யாரிடம் குறைவோ அவர்களுக்குத்தான் திட்டம் கூடுதலாகத் தேவை.

துறைக்காரர்கள் இந்த வேலையை இரண்டு கேள்விகளில் தொடங்குவார்கள். ஒன்று: எவ்வளவு நேரத்து விவரத்தை இழந்தால் தாங்குவோம்? இரண்டு: எவ்வளவு நேரம் நின்றுபோனால் தாங்குவோம்? எல்லாருக்கும் ஒரே விடை கிடையாது. அறுவடை முடிந்து வண்டி வண்டியாக மூட்டை வரும் வாரத்தில் ஒரு நாள் கணக்கு போவது பெரிய இழப்பு. மற்ற மாதங்களில் ஒரு வாரக் கணக்குப் போனாலும் உட்கார்ந்து எழுதிவிடலாம். மருந்துக்கடைக்குப் பில் போடும் கணினி நின்றால் கையால் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் எந்த மருந்து எப்போது காலாவதி என்ற பட்டியல் போனால் அலமாரியை முழுக்க இறக்க வேண்டும். கோடை விழா சமயத்தில் விடுதிக்காரரிடம் முன்பதிவுப் பட்டியல் காணாமல் போனால், வாசலில் இரண்டு குடும்பம் ஒரே அறைக்குச் சண்டை போடும். இந்த இரண்டு கேள்விக்கும் விடையை ஒரு தாளில் எழுதிய பிறகுதான் என்ன வாங்குவது என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: முதலில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, மேசை இழுப்பறையில் போட்டு, ‘பேக்கப் இருக்கிறது’ என்று நிம்மதியாகிவிடுகிறோம்.

மலைக்கு வெள்ளம் வராது என்பதும் ஒரு நிம்மதி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைத் தொட்டது. கடற்கரையில் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும் என்று நினைத்த மழை உள்ளே நகர்ந்து வந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மண்சரிவு ஏற்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. இவை மூன்றும் ஜவ்வாது மலையைச் சுற்றி நடந்தவை. உங்கள் கடைக்குள் தண்ணீர் வராமல் இருக்கலாம். ஆனால் கரண்ட் கீழிருந்து வருகிறது, இணையக் கேபிள் கீழிருந்து வருகிறது, கணினி பழுது பார்ப்பவர் போளூரிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ வேலூரிலிருந்தோ வர வேண்டும். அடிவாரம் மூழ்கினால் மலை காய்ந்திருந்தும் பயனில்லை.

புயலைவிட அடிக்கடி வருவது இடி, மின்னழுத்த ஏற்ற இறக்கம், எலி, திருட்டு, தேநீர் கொட்டிய விசைப்பலகை. எலியை யாரும் பேரிடர்ப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கேபிளைக் கடித்து அது செய்யும் வேலையைப் பார்த்தால் முதலிடம் கொடுக்கலாம்.

பேரிடர் மீட்பில் சென்னை இரண்டு பாடம் படித்தது. இரண்டும் இயந்திரத்தைப் பற்றியவை அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது.

2015 வெள்ளத்தின்போது, டிசம்பர் 2 அன்று, ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சில் வரவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கு அது முதல் அனுபவம் என்று செய்திகள் வந்தன. செய்தி இருந்தது, பக்கம் தயாராக இருந்தது. மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. அதே வெள்ளத்தில் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் வேலையை வேறு ஊர்களுக்கு மாற்றின. அப்படி மாற்ற முடிந்தும், சென்னை வெள்ளத்தால் அந்தக் காலாண்டு வருமானம் பாதிக்கப்படும் என்று டி.சி.எஸ். பங்குச்சந்தைக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. இயந்திரம் ஓடினாலும் ஆள் வீட்டில் முழங்கால் தண்ணீரில் நின்றால் வேலை நடக்காது. உங்கள் சங்கத்தில் டேலி கணக்கு மென்பொருளைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், அவருக்குக் காய்ச்சல் வந்தாலே அது உங்கள் 2015.

அடுத்த ஆண்டே வர்தா புயல். 2016 டிசம்பர் 12. ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் பணம் இல்லாதவர்கள் அட்டையைத் தேய்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். புயல் மின்கம்பங்களையும் தொலைத்தொடர்பையும் சாய்த்ததும் அட்டை இயந்திரமும் நின்றது, ஏ.டி.எம்.மும் நின்றது. ஒரு வழி அடைபட்டபோது கைகொடுத்த மாற்று வழியும் அடைபட்ட நாள்கள் அவை. இன்று ஜமுனாமரத்தூர் தேநீர்க் கடையிலும் க்யூ.ஆர். ஒட்டியிருக்கிறது. டவர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று கடைக்குள் யாராவது பேசி முடிவு செய்திருக்கிறார்களா? தெரிந்தவர் என்றால் நோட்டில் எழுதிக்கொள்வோம், சுற்றுலாக்காரர் என்றால் ரொக்கம்தான் என்று ஒரு வரி போதும். ஆனால் அந்த வரியை முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். கூட்டம் நிற்கும்போது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பையன் முடிவெடுக்க மாட்டான்.

இனி ஒரு வெளிநாட்டுக் கதை. மின்வெட்டை நொந்துகொள்ளும் எவரும் இதைக் கேட்க வேண்டும்.

டென்மார்க்கின் மேர்ஸ்க் உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று. 2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ என்ற நச்சு நிரல் அதன் வலையமைப்புக்குள் புகுந்தது. சில மணி நேரத்தில் உலகம் முழுக்க அதன் கணினிகள் கறுத்துப்போயின. மும்பையை ஒட்டிய ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் முனையமும் தடுமாறியது. பிறகு பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள் என்று அதன் தலைவர் டாவோஸ் மாநாட்டில் சொன்னார்.

நிறுவ ஆள் இருந்தது, இயந்திரம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. யார் உள்ளே வரலாம், யாருக்கு எதைத் திறக்க உரிமை உண்டு என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள் சுமார் 150 இருந்தன. ஒன்றுக்கொன்று நகலாக இருக்கும்படி அமைத்திருந்தார்கள். ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்ற கணக்கு. எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒன்றே ஒன்று பிழைத்திருந்தது, ஆப்பிரிக்காவின் கானாவில். காரணம் பாதுகாப்பு மென்பொருள் அல்ல. தாக்குதலுக்குச் சற்று முன் அந்த ஊரில் கரண்ட் போயிருந்தது. சர்வர் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததால் நச்சு நிரல் அதைத் தொடவில்லை.

அந்தச் சர்வரின் விவரத்தை, மீட்பு வேலை நடந்த இங்கிலாந்துக்குக் கொண்டுவர வேண்டும். கானாவின் இணைய வேகத்தில் அனுப்பினால் பல நாள் ஆகும். ஆளை அனுப்பலாம் என்றால் அங்கிருந்த ஊழியர்களிடம் இங்கிலாந்து விசா இல்லை. ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் ஹார்ட் டிஸ்க்கை ஒப்படைக்க, அவர் லண்டனுக்குப் பறந்தார். உலக வர்த்தகத்தின் கணிசமான பகுதி அந்தப் பைக்குள் இருந்தது.

இந்தக் கதையில் உங்களுக்கு இரண்டு செய்தி உண்டு. முதலாவது, கணினியோடு எப்போதும் இணைந்தே இருக்கும் நகல், நச்சு நிரலுக்கு எதிரே நகலே அல்ல. உண்மையான கோப்பு பூட்டப்படும்போது அதுவும் சேர்ந்து பூட்டப்படும். நகல் எடுத்ததும் வயரைப் பிடுங்கி, வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். கானாவில் தற்செயலாக நடந்ததை நீங்கள் தினமும் வேண்டுமென்றே செய்யலாம், செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது செய்தி இணைய வேகம். ‘எல்லாம் கிளவுடில் இருக்கிறது’ என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். நல்லதுதான். மேலே ஏற்றுவது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் சுமை தெரிவதில்லை. கணினி மொத்தமாகப் போன அன்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கீழே இறக்க வேண்டும். 100 ஜி.பி. அளவு விவரத்தை விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் இறக்க, இடையில் ஒரு முறைகூட அறுந்துபோகாமல் இருந்தாலே 55 மணி நேரம் ஆகும். இரண்டே கால் நாள். மலையில் மழைக்காலத்தில் ‘ஒரு முறைகூட அறுந்துபோகாமல்’ என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று உங்களுக்கே தெரியும். அதனால் கிளவுட் நகல் ஒன்று, கையில் தூக்கிக்கொண்டு வரக்கூடிய நகல் ஒன்று, இரண்டும் வேண்டும்.

பீட்டர் குரோக் என்ற ஒளிப்படக் கலைஞர் பரப்பிய ஒரு கணக்கு இதற்கு உதவும். மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். கணினி வல்லுநர் சொன்னதல்ல, ஆயிரக்கணக்கான படங்களைப் பறிகொடுக்க முடியாத ஒரு தொழிலாளி சொன்னது. வேறு இடம் என்றால் எவ்வளவு தூரம்? தீ, திருட்டு, இடிக்கு எதிராக அடுத்த தெருவே போதும். ஃபெஞ்சல் மாதிரி ஒன்றுக்கு எதிராகத் திருவண்ணாமலைகூடப் போதாது. செயலாளரின் வீட்டில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்பது பெரும்பாலான சிறு தொழில்களுக்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் செயலாளர் வீடு அலுவலகத்துக்கு மாடியிலேயே இருந்தால் அது வேறு இடம் ஆகாது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் 2021 மார்ச் 10 அன்று ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள்.

அரசுகளும் இதில் தப்பவில்லை. இலங்கையில் 2023 ஆகஸ்ட் 26 அன்று அரசின் கிளவுட் மீது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தாக்குதல் நடந்தது. சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் அன்று வரையிலான கடிதங்கள் போய்விட்டன. அந்த மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட காலத்துக்கு நகலே இல்லை. தென் கொரியா இணைய வேகத்தில் உலகுக்கே முன்னோடி. அங்கே 2025 செப்டம்பர் 26 அன்று டேஜோன் நகரின் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் ஆவணங்களைச் சேமித்து வந்த 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்பதால் வெளியே நகல் வைக்கவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். பெரிதாக இருந்ததால்தானே வைத்திருக்க வேண்டும்!

எதிர்ப்புறமும் ஓர் உதாரணம் உண்டு. 2022 நவம்பர் 23 காலை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பூட்டப்பட்டன. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் விவரம். நோயாளிப் பதிவு, ஆய்வகச் சீட்டு எல்லாம் பல நாள் கையெழுத்துக்கு மாறின. ஆனால் தாக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து விவரங்களை மீட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றியதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஏற்றுவதற்கு நாள் பிடித்தது. அதுவரை மருத்துவமனை மூடவில்லை. காகிதத்தில் வேலை பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் இருந்தார்கள்.

மலையில் உள்ள உங்களுக்கு இந்த இடத்தில் ஒரு சாதகம் இருக்கிறது, அதை நீங்களே குறைத்து மதிக்கிறீர்கள். கரண்ட் இல்லாமல், சிக்னல் இல்லாமல் வேலையை ஓட்டிய பழக்கம் உங்களுக்குப் போகவில்லை. சிட்டையும் பேரேடும் எழுதத் தெரிந்தவர் சங்கத்தில் யாராவது ஒருவர் இருப்பார். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் அவரிடம் இளையவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம் இரண்டு அலமாரியில் இருக்கட்டும். கணினி வந்துவிட்டது, இனி எதற்கு நோட்டு என்று கேட்பவர்களிடம், 2024 ஜூலை 19-ஐ நினைவுபடுத்துங்கள்: கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான புதுப்பிப்பால் உலகில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் ஏறும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விமானம் பறந்தது.

கூட்டுறவுக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது 2024 ஜூலை 31. சி-எட்ஜ் என்ற நிறுவனம் சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தருகிறது. ஸ்டேட் வங்கியும் டி.சி.எஸ்.ஸும் சேர்ந்து நடத்துவது. அதன் மீது பணயத் தாக்குதல் நடந்ததும், தேசியக் கொடுப்பனவுக் கழகம் பாதுகாப்புக்காக அதைத் தன் வலையமைப்பிலிருந்து துண்டித்தது. கூட்டுறவு வங்கிகளும் ஊரக வங்கிகளுமாகச் சுமார் 300 வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவைகள் முடங்கின. அடுத்த நாளே சீராகிவிட்டது. அந்த வங்கிகளின் கட்டடங்களில் எந்தக் கணினியும் பழுதாகவில்லை. பழுது அவர்கள் பார்த்திராத வேறொரு வீட்டில். உங்களுக்கு மென்பொருள் விற்றவரிடம் இன்றே மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் விவரம் எந்த ஊரில் இருக்கிறது? நாளை நீங்கள் கடையை மூடினால் அதை எக்செல் வடிவில் எடுத்துத் தருவீர்களா? கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? மூன்றாவதுக்கு அவர் சிரித்து மழுப்பினால் அதுவே விடை.

உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கு இது விருப்பப்பட்டால் செய்யும் காரியமும் அல்ல. நீங்கள் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானவர்கள். 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதிப்படி, மின்னணு வடிவில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனி அதன் பேக்கப்பை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும். முன்பு ‘அவ்வப்போது’ என்று இருந்தது, ‘நாள்தோறும்’ ஆனது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். ஆறு ஆண்டு முந்தைய கோப்பு ஒரு பழைய பென் டிரைவில் இருக்கிறது என்பது சட்டத்துக்கு முன் பலவீனமான பதில்.

இத்தனைக்குப் பிறகும் முக்கியமான சங்கதி மிச்சமிருக்கிறது. நகல் எடுப்பது பாதி வேலை. அதைத் திரும்ப ஏற்றிப் பார்க்காதவரை அது வேலை செய்யும் என்பது நம்பிக்கை மட்டுமே.

கிட்லேப் என்பது உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமிக்கும் நிறுவனம். 2017 ஜனவரி 31 அன்று களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். 300 ஜி.பி. இருந்த இடத்தில் 4.5 ஜி.பி. மிஞ்சியது. கவலையில்லை, ஐந்து வகை ஏற்பாடு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஒன்றும் உருப்படியாக இயங்கவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. நிரல் எழுதுவதே தொழிலாக இருந்தவர்களின் நிலை இது. நடந்ததை மறைக்காமல் அந்த நிறுவனமே விவரமாக வெளியிட்டது. அதற்காகப் பாராட்ட வேண்டும்.

திரும்ப ஏற்றுவதற்கு நம் ஊரிலேயே ஆயிரம் ஆண்டு முந்தைய சான்று இருக்கிறது. அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடியில் வைத்தியநாதர் கோயில் விமானத்தை இடித்துக் கட்ட ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். சுவரில் இருந்த கல்வெட்டுகள் நிலக்கொடை, விளக்குக்கொடை விவரங்கள். கோயிலின் சொத்துக் கணக்கே அவைதான். இடிப்பதற்கு முன் அவற்றைப் புத்தகத்தில் படியெடுத்தார்கள். புதிய விமானம் எழுந்த பிறகு, ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், புத்தகத்தைப் பார்த்து மறுபடி சுவரில் வெட்டினார்கள். இடையில் அரசரே மாறியிருந்தார். புத்தகம் எங்கே, யாரிடம் என்பது அத்தனை ஆண்டும் தெரிந்தே இருந்திருக்கிறது. புத்தகத்தில் எடுத்த படியோடு நின்றிருந்தால் இந்தச் செய்தி நமக்கு வந்தே சேர்ந்திருக்காது.

நகலும் இருந்து, ஏற்றவும் முடிந்து, ஆனாலும் தோற்ற ஒரு நிகழ்வும் உண்டு. மும்பை தேசியப் பங்குச்சந்தைக்குப் பேரிடர் மீட்பு மையம் சென்னையில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 24 காலை 11.40-க்குத் தொலைத்தொடர்பு இணைப்புகள் பழுதாகி வர்த்தகம் நின்றது. சென்னை மையம் தயாராக இருந்தும் அங்கே மாற்றவில்லை. இதோ சரியாகிவிடும் என்று காத்திருந்ததிலேயே மதியம் போனது. பிற்பகல் 3.45-க்கு மறுபடி தொடங்கி மாலை 5 மணி வரை நீட்டினார்கள். அடுத்த மாதமே பங்குச்சந்தைகளைக் கட்டுப்படுத்தும் செபி புதிய விதி போட்டது: கோளாறு தொடங்கிய 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவித்தாக வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் இயங்கியாக வேண்டும். பிறகு 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை, உண்மையான வர்த்தகத்தையே மீட்பு மையத்துக்கு மாற்றி ஒத்திகை பார்த்தார்கள்.

செபி எழுதிய விதியில் உங்களுக்குப் பொருந்துவது நிமிடக் கணக்கு அல்ல, ‘அறிவித்தாக வேண்டும்’ என்ற சொல். இனி கணினிக்குக் காத்திருக்க வேண்டாம், ரசீதுப் புத்தகத்தை எடுங்கள் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? தலைவர் கீழே கூட்டத்துக்குப் போயிருந்தால் யார் சொல்வார்? எவ்வளவு நேரம் பொறுத்துச் சொல்வார்? சிறிய நிறுவனங்களில் இந்த முடிவை எடுக்க எல்லாருக்கும் தயக்கம். மூத்தவர் இருக்கும்போது நாம் எப்படி என்று. கொள்முதல் நாளில் அந்தத் தயக்கத்துக்கு விலை, வெயிலில் நிற்கும் நாற்பது விவசாயிகள்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். கூட்டம் குறைந்த நாளாக இருக்கட்டும். காலை பத்து மணிக்கு, யாருக்கும் முன்னறிவிப்பு இல்லாமல், அலுவலகக் கணினியின் வயரைப் பிடுங்கிவிட்டு, ‘இது எரிந்துபோயிற்று’ என்று சொல்லுங்கள். வேறொரு கணினியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பள்ளி ஆசிரியரிடம் இரவல் வாங்கிய மடிக்கணினியாக இருந்தாலும் சரி. நகல் எங்கே என்று தேடட்டும். கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்று கேட்கட்டும். ஓ.டி.பி. வேலையை விட்டுப் போனவரின் கைபேசிக்குப் போகிறது என்று அப்போதுதான் பலருக்குத் தெரியவரும். டேலியின் உரிமம் புதிய கணினியில் ஏறுமா, டிஜிட்டல் கையொப்ப டோங்கிள் எந்த இழுப்பறையில், ஏற்றிய கணக்கின் கடைசிப் பதிவு எந்தத் தேதி, இவை எல்லாம் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். ஒத்திகை சொதப்பினால் கோபப்பட வேண்டாம், சொதப்புவதற்குத்தான் அது.

தெரிந்துகொண்டதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கணினிக்குள் சேமிக்க வேண்டாம். கணினி போன நாளில் திறக்க முடியாத கோப்பு அது. கடவுச்சொற்களை மட்டும் சுவரில் அல்ல, உறையில் போட்டு முத்திரை வைத்து, இரண்டு பொறுப்பாளர்களிடம் கொடுங்கள். தாளில் இருக்க வேண்டியவை: அறிவிக்கும் அதிகாரம் உள்ள இருவரின் பெயர், மூன்று பிரதிகளும் இருக்கும் இடம், மென்பொருள்காரரின் எண், மின்வாரிய அலுவலக எண், வங்கிக் கிளையின் எண். இணைய மோசடியில் பணம் போயிருந்தால் அழைக்க வேண்டிய 1930 என்ற எண். நச்சு நிரல் தாக்கியதாகத் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. அதன் மின்னஞ்சலையும் தாளிலேயே எழுதிவிடுங்கள். அன்று சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறும்போது, எந்த முகவரி என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் வரவு செலவுக்கு அடுத்ததாக ஒரு வரி சேர்த்து, உறுப்பினர்களே கேட்கட்டும்: கடைசியாக நகலைத் திரும்ப ஏற்றிப் பார்த்த தேதி என்ன, யார் செய்தார், எவ்வளவு நேரம் ஆயிற்று? தீர்மானப் புத்தகத்தில் அந்தத் தேதி ஏறட்டும்.

அன்புடன்,
மலையடிவாரத்திலிருந்து உங்கள் சாமை அரிசியை வாங்கிச் சமைக்கும் வாடிக்கையாளர்களுள் ஒருவர்